எஞ்சின் மவுண்ட் மூண்டும் மாத்தினாப் பிறகு கார் முழுக்க உதறுது, கழட்டுறதோ விடுறதோ?

கொக்குவில்_ஈகே

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், குறைச்சு எழுதினா பேந்து நீங்கள் ஒவ்வொண்டாக் கேப்பியள். என்னட்டை நிக்கிறது ஹொண்டா சிவிக் ஈகே3 ஃபெரியோ, 97 ஆம் ஆண்டுக் கார். 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டின நேரம் தொடக்கம் புதுசு வேண்டுற கதையை விட்டுட்டு, இருக்கிறதையே வடிவாச் செய்வம் எண்டு ஒவ்வொண்டா மாத்தி மாத்தி, கடைசியா அதில கிடந்த டி15 எஞ்சினைத் தூக்கிப்போட்டு பி16ஏயும் மனுவல் கியர்பொக்ஸும் இறக்கினனான். (வாகனப் பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் மாத்தியாச்சு, ஆரும் அந்தப் பக்கம் போகாதேங்கோ.)

இறக்கேக்க எஞ்சினைக் கார்ப் பொடியோட தாங்கிப் பிடிக்கிற மவுண்டில பழசையே போட்டது பிழை. ரண்டு மாசத்தில பின் மவுண்ட் றப்பர் கிழிஞ்சிட்டுது. முதலாம் கியரில கொஞ்சம் அழுத்தி வெளிக்கிட்டா கீழ டொங் எண்டு ஒரு அடி, ரண்டில இருந்து மூண்டுக்குப் போடேக்க லீவர் கையைத் தள்ளும், போனட்டைத் திறந்து வைச்சு தம்பியை அக்ஸிலேட்டர் அமத்தச் சொல்லிப் பாத்தா எஞ்சின் தன்ரபாட்டுக்கு எழும்பி எழும்பிப் படுக்குது. இனி நல்லதாப் போடுவம் எண்டு பொலியுரித்தேன் மவுண்ட் செட் ஒண்டு எடுத்தன். பக்கத்துக்கு ஒண்டு ஒண்டு, பின்னால ஒண்டு, மொத்தம் மூண்டு, 75ஏ எண்டு பெட்டியில அடிச்சிருக்கு (அது இறுக்கத்தின்ர அளவு, நம்பர் கூடக் கூட இறுக்கம்). கொழும்பில இருந்து பஸ்ஸில போட்டுவிட்டவங்கள், இஞ்ச ஒரு கராச்சில குடுத்து அரைநாளில பூட்டியாச்சு.

கியர் இப்ப ரண்டு விரலால போடலாம், அந்த டொங் சத்தமும் போயிட்டுது, அதில குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனா ஐடில்ல, அதாவது அக்ஸிலேட்டர் அமத்தாமல் எஞ்சின் சும்மா ஓட நிக்கேக்கதான் விசயம். ஸ்ரியரிங், சீற், கதவுக் கைபிடி எல்லாம் நடுங்குது, பின் கண்ணாடியில பாத்தா பின்னால நிக்கிறது பஸ்ஸோ ஓட்டோவோ எண்டு தெரியும் ஆனா நம்பர் பிளேட் வாசிக்க ஏலாது. ஏசி போட்டா ஐடில் இன்னும் கொஞ்சம் இறங்கும், அந்த நேரம் பல்லுக்குள்ள கூசுற மாதிரி. வெள்ளிக்கிழமை அம்மாவை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனன், ஆஸ்பத்திரி வீதியில சனத்துக்குள்ள ஒரு பத்து நிமிசம் நிண்டம், டாஷ்போட்டில ஒட்டாமல் வைச்சிருந்த பிள்ளையார் மெல்ல மெல்லத் திரும்பி ஜன்னல் பக்கம் பாத்துக்கொண்டு இருக்கிறார். அம்மா அதைக் கண்டிட்டு இனி இதில ஏறமாட்டன், பஸ்ஸில போறன் எண்டுட்டா.

ஓடேக்க ஐடில் மாதிரி இல்லை, ஆனா 2400 ஆர்பிஎம் வரேக்க மட்டும் உள்ளுக்க "ம்ம்ம்ம்" எண்டு குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி ஒரு இரைச்சல், 2700 தாண்ட இல்லாமல் போகும். போன மாசம் கொழும்புக்குப் போகேக்க வவுனியா தாண்ட முன்னமே உள்ளங்கை விறைச்சிட்டுது.

கராச்சில கேட்டா "ஒரு ஆயிரம் கிலோமீற்றர் ஓடுங்கோ, இளகும்" எண்டாங்கள். ஓடியாச்சு, இளகேல்லை. இப்ப என்ன செய்யிறது? மூண்டையும் கழட்டிப்போட்டு திரும்ப றப்பருக்குப் போறதோ, இல்லாட்டி 60 எண்டு வாற கொஞ்சம் மெதுவானதைப் போடுறதோ? ஆராவது உண்மையா ஓடிப் பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.


வடமராட்சி_வீடெக்

மச்சான் றேஸ் சாமானைப் பூட்டிப்போட்டு மெத்தையில படுத்த மாதிரி இருக்கோணும் எண்டா எப்பிடி? என்ர ஈஜி சிவிக்கில 85 போட்டு ஒண்டரை வருசம். முதல் கிழமை எனக்கும் விசர் வந்தது, பேந்து பழகீட்டுது. இப்ப மற்றவையின்ர காரில ஏறினா எஞ்சின் நிண்டுபோச்சோ எண்டு ஒருக்கா மீற்றரைப் பாக்கிறன். பிள்ளையாரை டபுள் ரேப்பால ஒட்டுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.


கொக்குவில்_ஈகே

பிள்ளையாரை ஒட்டலாம் அண்ணை, அம்மாவை ஒட்ட ஏலாதே.


அறிவியல்நகர்_பெடியன்

சகோ, 60 வேண்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ, காசு மிஞ்சும். நான் எஞ்சினியரிங் படிச்சனான் எண்டாலும் இந்த விசயம் எனக்கு முதல் விளங்கினது வகுப்பில இல்லை, அப்பப்பாவின்ர தோட்டத்தில.

தோட்டத்துக்கு இறைக்கிற மிசின் பாத்திருப்பியள். அதைக் கிணத்துக்கட்டுச் சீமேந்தில நேர வைச்சு ஓட்டினா கட்டே நடுங்கும், காலுக்குள்ள தெரியும். அதையே ஒரு பழைய ரயருக்கு மேல வைச்சா மிசின் ஆடும், கட்டு ஆடாது. காரிலயும் இதேதான், மிசின் எஞ்சின், கட்டு நீங்கள் இருக்கிற பொடி. எஞ்சினை ஆடவிடுறதுதான் மவுண்டின்ர வேலை, ஆடாமல் பிடிக்கிறதும் அதின்ர வேலை, ரண்டும் ஒண்டோட ஒண்டு சண்டை.

இப்ப முக்கியமான இடம். ரயருக்கு மேல வைச்ச மிசினை நிப்பாட்டேக்க பாத்தனீங்களோ, ஓடேக்க அமைதியா ஓடும், நிப்பாட்டினா வேகம் குறைஞ்சு குறைஞ்சு வந்து சாகிறதுக்கு முதல் ஒரு இடத்தில பயங்கரமா ஒரு குலுக்குக் குலுக்கிட்டு நிக்கும். அந்த இடம்தான் அந்த மிசினும் ரயரும் சேர்ந்த இயல்பான அதிர்வெண். ஓடுற வேகம் அதுக்கு மேல எவ்வளவு தள்ளி நிக்குதோ அவ்வளவுக்குக் கட்டுக்கு அமைதி. கணக்கா சொன்னா எஞ்சின் உதைக்கிற அதிர்வெண் மவுண்டின்ர அதிர்வெண்ணை விட 1.41 மடங்குக்கு மேல இருந்தாத்தான் மவுண்ட் அதிர்வைக் குறைக்கும், அதுக்குக் கீழ வந்தா குறைக்காது, கூட்டும்.

நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுத்துக்கு ரண்டு தரம் வெடிக்கும். 750 இல ஐடில் எண்டா செக்கனுக்கு 12.5 சுத்து, 25 வெடி, அப்ப 25 ஹேர்ட்ஸ். கம்பனி றப்பரில எஞ்சின் உதாரணத்துக்கு 12 ஹேர்ட்ஸில இருக்குது எண்டு வைப்பம், ஐடில் அதுக்கு ரண்டு மடங்கு மேல, பிரச்சினை இல்லை, சாவி திருப்பேக்கயும் நிப்பாட்டேக்கயும் மட்டும் ஒரு குலுக்கு. இப்ப நீங்கள் நாலு மடங்கு இறுக்கமான மவுண்ட் போடுறியள், இறுக்கம் நாலு மடங்கு கூடினா அதிர்வெண் ரண்டு மடங்கு கூடும், 12 போய் 24. ஐடில் 25. விளங்குதோ? மிசின் சாகேக்க வாற அந்தக் கடைசிக் குலுக்கை நீங்கள் ஐடில்லயே நிரந்தரமாக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியள். ஏசி போட ஐடில் இறங்கினா 24 க்கு இன்னும் கிட்டப் போகும், அதுதான் பல்லுக் கூசுறது.

அதால வடமராட்சி அண்ணைக்கு 85 இல பழகினதுக்கும் காரணம் இருக்கலாம், இன்னும் இறுக்கமெண்டா உச்சம் ஐடில்லத் தாண்டி மேல போயிடும், அங்க கூட்டுறது கொஞ்சம் குறையும். அதுக்காக 85 போடுங்கோ எண்டு சொல்லேல்லை, அது மேல வேற ஒரு ஆர்பிஎம்மில வந்து நிக்கும்.

நான் செய்யிறதெண்டா முதல் அளப்பன். ஃபோனில ஃபைபொக்ஸ் எண்டு ஒரு அப் இருக்கு, ஜேர்மனியில ஆகன் பல்கலைக்கழகம் செய்தது, சும்மா எடுக்கலாம். அதில முடுக்கத்தின்ர ஸ்பெக்ரம், எந்த அதிர்வெண்ணில எவ்வளவு நடுக்கம் எண்டு, காட்டும். ஃபோனை சீற் றெயிலோட இறுக்கி வைச்சு ஐடில்ல விட்டுப் பாருங்கோ. 25 கிட்ட உச்சம் நிண்டா வெடிக்கிற அதிர்வு, அது மவுண்டால வருது. 12.5 கிட்ட நிண்டா சுத்துற சாமான் ஏதோ சமநிலையில இல்லை, கிராங்க் புல்லி, ஃபிளைவீல் அந்தப் பக்கம் பாக்கோணும். 6 கிட்ட நிண்டா ஒரு சிலிண்டர் மற்றதுகள் மாதிரி வெடிக்கேல்லை, ரண்டு சுத்துக்கு ஒருக்கா நொண்டுது. அளந்து போட்டு எழுதுங்கோ.


சுன்னாகத்து_லேத்

தம்பி எழுதினது வடிவா இருக்கு, எங்களுக்கு ஹேர்ட்ஸ் எல்லாம் தெரியாது ஆனா கை வைச்சாத் தெரியும். நான் லேத்தில நிக்கத் தொடங்கினது 80 களில. 90 களில பெற்றோல் இல்லாமல் சனம் மண்ணெண்ணெயில கார் ஓடின காலம் உங்களில கனபேர் பிறக்கேல்லை, ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. மண்ணெண்ணெயில எஞ்சின் நொண்டி நொண்டித்தான் ஓடும், ஒஸ்ரின் ஏ40 காரில மவுண்ட் எல்லாம் உதறி உதறியே பிஞ்சு போகும், புது மவுண்டுக்கு எங்க போறது, லொறி ரயரில நூல் ஓடுற பக்கமாப் பாத்து வெட்டித் துளைச்சுப் போட்டுக் குடுப்பம். அப்ப கண்டது ஒண்டு, ரயர்த் துண்டைத் தடிப்பா வெட்டினவன்ர கார் ஓடினது, மெல்லிசா வெட்டி நட்டை இறுக்கி நசிச்சவன்ர காரில கண்ணாடி கழண்டு விழுந்தது. ஒரே றப்பர்தான். நசிச்சா அதுவும் இரும்புதான்.

இப்பத்தையப் பெடியள் எங்களிட்ட வந்து நைலோனில புஷ் கடைஞ்சு தாங்கோ எண்டு கேக்கினம். கடையலாம், காசும் வரும், ஆனா நான் எஞ்சின் மவுண்டுக்கு நைலோன் குடுக்கிறேல்லை. கொஞ்ச நாள் சந்தோசமா ஓடுவினம், பேந்து மவுண்ட் பிரக்கட்டில வெடிப்பு விழுந்து வெல்டிங்குக்கு வருவினம். அதிர்வு எங்கயாவது போகத்தானே வேணும்.

தம்பி கொக்குவில், உங்கட மவுண்டைப் பூட்டேக்க எஞ்சின் ஜாக்கில தொங்கிக்கொண்டு நிக்கேக்கயே எல்லா போல்ட்டையும் இறுக்கினவங்களோ? அரைநாளில முடிச்சவங்கள் எண்டா அப்பிடித்தான் இறுக்கியிருப்பாங்கள். எஞ்சின் தன்ர இடத்தில வந்து குந்த முதல் இறுக்கினா ஒவ்வொரு மவுண்டும் ஒவ்வொரு பக்கம் முறுகி நிக்கும், முறுகி நிக்கிற மவுண்ட் இன்னும் இறுக்கம். எஞ்சினை ஜாக்கில பலகை வைச்சுத் தாங்கிக்கொண்டு மூண்டின்ரயும் நடுப் போல்ட்டை இளக்குங்கோ, கழட்டாதேங்கோ, இளக்கினாக் காணும். ஜாக்கை எடுத்துப்போட்டு நாலு சில்லும் நிலத்தில நிக்க எஞ்சினைக் கையால ரண்டு மூண்டு தரம் ஆட்டி விடுங்கோ, பேந்து ஸ்ராட் பண்ணி ஒரு நிமிசம் ஐடில்ல விட்டு நிப்பாட்டிப்போட்டு இறுக்குங்கோ. இது ஒரு சதமும் இல்லாத வேலை, முதல் இதைச் செய்யுங்கோ.


ஸ்காபரோ_ஹட்ச்

லேத் அண்ணை சொன்னது நூத்துக்கு நூறு. நான் இருக்கிறது கனடாவில, இஞ்ச இன்னொரு கரைச்சல், குளிருக்கு பொலி, அதுதான் பொலியுரித்தேன், இறுகும், தை மாதம் காலமை ஸ்ராட் பண்ணினா கார் உழவு மிசின் மாதிரி, பத்து நிமிசம் சூடாக ஓடினாப் பிறகுதான் மனுசர் இருக்கலாம். உங்க அந்தப் பிரச்சினை இல்லை எண்டு சந்தோசப்படுங்கோ. உங்க பொலியுக்கு நல்லது ஒண்டு இருக்கு, ஒயில் ஒழுகினா றப்பர் ஊதிப் பிஞ்சிடும், பொலியுக்கு ஒண்டும் பெரிசா ஆகாது.

ஆனா நான் எழுத வந்தது வேற. சாமான் ஓடர் பண்ணேக்க கவனம். இஞ்சத்தைய வீடியோ, இஞ்சத்தைய கடைப் பட்டியல் எல்லாத்திலயும் "டிரைவர் சைட் மவுண்ட்" எண்டா இடப்பக்கம், இஞ்ச டிரைவர் இருக்கிறது இடப்பக்கம். உங்கட காரில டிரைவர் வலப்பக்கம். அந்தக் கால ஹொண்டாவில ரைமிங் பெல்ட் இடப்பக்கம், கியர்பொக்ஸ் வலப்பக்கம், டி எஞ்சினும் சரி பி எஞ்சினும் சரி. அப்ப அவன் டிரைவர் சைட் எண்டு சொல்லுறது ரைமிங் பக்க மவுண்ட், நீங்கள் டிரைவர் சைட் எண்டு நினைக்கிறது கியர்பொக்ஸ் பக்கம். என்ர சினேகிதன் ஒருத்தன் மானிப்பாய்க்கு இப்பிடிப் பிழையானதை அனுப்பிப்போட்டு ஆறு மாசம் கதைக்காமல் இருந்தவன். ரைமிங் பக்கம், கியர்பொக்ஸ் பக்கம் எண்டே எழுதிக் கேளுங்கோ.


கொக்குவில்_ஈகே

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை. லேத் அண்ணை, கராச்சில கேட்டன், ஜாக்கில நிக்கேக்கதான் இறுக்கினது எண்டு ஒத்துக்கொண்டாங்கள், "எல்லாரும் அப்பிடித்தான்" எண்டாங்கள்.

நேத்துப் பின்னேரம் ஃபோனைக் கேபிள் ரையால சீற் றெயிலோட கட்டி அளந்தன். ஏசி இல்லாமல் மீற்றரில 740 மாதிரி நிண்டது, பெரிய உச்சம் 24.6 இல. அது எதிர்பாத்ததுதான். ஆனா 6.2 இல இன்னொண்டு, சின்னன், ஆனா வடிவாத் தெரியுது. அறிவியல்நகர் சகோ, இது நீங்கள் சொன்ன நொண்டல் தானே?


அறிவியல்நகர்_பெடியன்

ஓம் அதேதான், 740 ஐ 60 ஆல பிரிச்சு அரைவாசி எடுத்தா 6.17 வரும், அச்சொட்டா நிக்குது. ஒரு சிலிண்டர் சோம்பல். இது புதுசா வந்ததில்லை, முந்தியும் இருந்திருக்கும், மெதுவான றப்பர் அதை உங்களிட்ட சொல்லாமல் மறைச்சு வைச்சிருந்தது. பிளக், பிளக் வயர், இன்ஜெக்டர், மனிபோல்ட் பக்கத்தில காத்து இழுக்குதோ எண்டு பாருங்கோ. ஒவ்வொரு பிளக் வயரா ஒரு செக்கன் கழட்டிப் பாக்கலாம், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, எந்த வயரைக் கழட்ட ஐடில்ல மாற்றம் குறைவோ அதுதான் ஆள். த்ரொட்டில் பொடியையும் ஐடில் வால்வையும் கழுவுங்கோ, 97 ஆம் ஆண்டுக் காரில ஒருக்காலும் கழுவியிருக்க மாட்டாங்கள்.

ஐடில்லை 850 க்கு ஏத்திப் பாக்கலாம் எண்டு சிலர் சொல்லுவினம், 28 ஹேர்ட்ஸுக்குப் போகும், கொஞ்சம் சுகமாத்தான் இருக்கும். ஆனா அதை நோ மறைக்கப் போடுற பனடோல் மாதிரிக் கடைசியா வைச்சுக்கொள்ளுங்கோ.


கறுத்தக்கொழும்பான்

இடைக்க வாறன், மன்னிக்கோணும். எல்லாரும் மூண்டு மவுண்டையும் ஒரு கூட்டமா வைச்சுக் கதைக்கிறியள். மூண்டும் ஒரே வேலை செய்யேல்லை. எஞ்சின் குறுக்கா நிக்கிற, முன் சில்லு இழுக்கிற காரில ரண்டு பக்க மவுண்டும்தான் பாரத்தைத் தாங்குறது. பின் மவுண்ட் பாரம் பெரிசாத் தாங்கிறேல்லை, அக்ஸிலேட்டர் அமத்தேக்க எஞ்சின் முன்னுக்கு எழும்பிப் பின்னுக்குச் சரியிறதைப் பிடிக்கிறது. உங்கட முதல் முறைப்பாடு என்ன, டொங் சத்தமும் கியர் மாட்டுறதும். அது ரண்டும் பின் மவுண்ட் கிழிஞ்சதால வந்தது. அப்ப பின்னால மட்டும் பொலியை வைச்சுக்கொண்டு பக்க மவுண்ட் ரண்டுக்கும் புது றப்பர் போடுங்கோ. ஐடில் நடுக்கத்தில பெரிய பங்கு பாரம் தாங்குற மவுண்டாலதான் பொடிக்கு ஏறுது.

நான் என்ர சிஎஸ்1 லான்சரில செய்தது இதுதான், அது மிற்சுபிசி, மவுண்ட் அமைப்புக் கொஞ்சம் வேற, ஆனா எண்ணம் ஒண்டு. மனுசி ஏறி ஒண்டும் சொல்லேல்லை, அதுவே எனக்குச் சான்றிதழ்.


வடமராட்சி_வீடெக்

கலந்து போடாதேங்கோ எண்டுதான் நான் கேள்விப்பட்டது. ஒண்டு இறுக்கம் ரண்டு மெதுவு எண்டா பாரம் முழுக்க இறுக்கமானதில போய் விழும், போல்ட் முறியும்.


கறுத்தக்கொழும்பான்

95 ஐயோ நைலோனையோ பின்னால போட்டு பக்கத்துக்கு இத்துப்போன பழைய றப்பரை விட்டா நீங்கள் சொல்லுறது நடக்கும், அதை மறுக்கேல்லை. எஞ்சின் பக்கத்தால தொங்கத் தொங்க பின் மவுண்ட் அது தாங்காத பாரத்தைத் தாங்கப் போகும். ஆனா 75 ஓட நல்ல புது றப்பர் எண்டா அவ்வளவு பயப்பிடத் தேவையில்லை, இரும்பு மாதிரி இல்லைத்தானே, அதுவும் அமுங்கும். போல்ட்டில மாக்கரால ஒரு கோடு கீறி விடுங்கோ, போல்ட் தலையில இருந்து பிரக்கட் வரைக்கும். ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா குனிஞ்சு பாத்தாக் காணும், கோடு விலகினா இளகுது எண்டு அர்த்தம். பொலி போட்ட ஆர் காரிலயும் இதைச் செய்யோணும், உங்கட 85 இலயும்தான் அண்ணை.


சுன்னாகத்து_லேத்

கறுத்தக்கொழும்பான் சொல்லுறது சரி. காசு குறைவெண்டா இன்னொரு வழியும் இருக்கு, கம்பனிப் பின் மவுண்டில றப்பருக்கு நடுவில ஓட்டை விட்டிருப்பான், அது சும்மா விட்டதில்லை, மெதுவா இருக்க விட்டது. விண்ட்ஸ்கிரீன் ஒட்டுற யுரித்தேனை அந்த ஓட்டைக்குள்ள நிரப்பினா பொலி மவுண்டுக்குக் கிட்ட வரும். ஆனா மேல காஞ்சாப் போல உள்ளுக்கும் காஞ்சது எண்டு நினைக்காதேங்கோ, தடிப்பா விட்டது உள்ளுக்கக் காய ஒரு கிழமை எடுக்கும். அவசரத்துக்கு அடுத்தநாளே பூட்டினவங்கள் பசையை எஞ்சினுக்குக் கீழ துடைச்சவங்கள்.

கிழிஞ்ச மவுண்டை நிரப்பாதேங்கோ. கிழிஞ்சது கிழிஞ்சதுதான்.


கொக்குவில்_ஈகே

ரண்டு கிழமை கழிச்சு எழுதுறன், குறை நினைக்காதேங்கோ, ஞாயிறு மட்டும்தான் நேரம்.

முதல் ஞாயிறு சதம் செலவில்லாத வேலையள். போல்ட்டுகளை இளக்கி லேத் அண்ணை சொன்ன மாதிரியே நிலத்தில நிக்க விட்டு ஆட்டி இறுக்கினன். இளக்கேக்க கியர்பொக்ஸ் பக்க மவுண்ட் "டக்" எண்டு தானா ஒரு அரை விரல்கடை திரும்பினது, அவ்வளவு முறுகி நிண்டிருக்கு. அதோட பிளக் பாத்தன், மூண்டாம் சிலிண்டர் பிளக் வயர் உள்ளுக்க பச்சை பிடிச்சுக் கிடக்கு. வயர் செட் மாத்தி த்ரொட்டில் பொடி கழுவினாப் பிறகு 6.2 இல நிண்டது துப்பரவா இல்லை. 24 இல நிண்டது குறைஞ்சுது ஆனா நிக்குது. கண்ணாடியில நம்பர் பிளேட் கொஞ்சம் வாசிக்கலாம், கலங்கலா.

2400 இரைச்சல் மவுண்ட் இல்லை. நானும் மவுண்ட் எண்டுதான் நினைச்சன். கீழ படுத்துக்கொண்டு பாத்தா சைலன்சர்க் குழாய் பின் சீற்றுக்கு நேர கீழ ஒரு இடத்தில பொடியில முட்டினபடி, அதில மினுங்கத் தேஞ்சிருக்கு. எஞ்சின் முந்தி இருந்த உயரத்தை விட இப்ப ஒரு சொட்டு மேல நிக்குது போல, அதோட குழாயும் தூக்கிப்போட்டுது. சைலன்சர் தொங்கிற றப்பர் ரண்டை மாத்தி நீளமானது போட்டன், இரைச்சல் நிண்டுபோச்சு. இதை ஆரும் சொல்லேல்லையே எண்டு கோவம் வந்தது, பேந்து யோசிச்சா நானும் சைலன்சரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை.

போன ஞாயிறு பக்க மவுண்ட் ரண்டும் றப்பர். கொழும்பு பஞ்சிகாவத்தையில, கார்ச் சாமான் கடையள் இருக்கிற இடத்தில, சினேகிதன் ஒருத்தனை விட்டு எடுப்பிச்சன், ரைமிங் பக்கம் கியர்பொக்ஸ் பக்கம் எண்டு ஃபோட்டோவோட எழுதிக் குடுத்தன், ஸ்காபரோ அண்ணைக்கு நன்றி, கடைக்காரன் முதல் எடுத்து நீட்டினது பிழையான பக்கமாம். பின்னால 75 அப்பிடியே விட்டாச்சு, போல்ட்டுகளில வெள்ளை மாக்கரால கோடு கீறியிருக்கு.

இப்ப கியர் அதே மாதிரி ரண்டு விரலால போகுது, வெளிக்கிடேக்க டொங் இல்லை. ஐடில்ல ஸ்ரியரிங் பிடிச்சா எஞ்சின் ஓடுது எண்டு தெரியும், அவ்வளவுதான். கியர் லீவரில மட்டும் ஒரு சின்ன நடுக்கம் நிக்குது.


அறிவியல்நகர்_பெடியன்

லீவர் நடுக்கம் வேற வழியால வருது. பி எஞ்சின் கியர்பொக்ஸில லீவர் வரைக்கும் கேபிள் இல்லை, இரும்புத் தண்டுதான் வருது, அதோட ஒரு தாங்கிற தண்டும் கியர்பொக்ஸில இருந்து நேர பொடிக்கு வந்து ஒரு றப்பர் புஷ்ஷில பூட்டியிருக்கு. அந்தப் புஷ்ஷை இறுக்கமானதா மாத்தினனீங்களோ?


கொக்குவில்_ஈகே

மாத்தினனான். செட்டோட இனாமா வந்தது.


அறிவியல்நகர்_பெடியன்

அதுதான். இனாமாக் கிடைச்சதெல்லாம் பூட்டோணும் எண்டு இல்லை சகோ. பழைய புஷ் இருந்தா அதைத் திரும்பப் போடுங்கோ, இல்லாட்டி லீவர்க் குமிழைக் கொஞ்சம் பாரமானதாப் போட்டா உணர்வு குறையும்.


ஸ்காபரோ_ஹட்ச்

அம்மா ஏறினாவோ?


கொக்குவில்_ஈகே

ஏறினா. மாவிட்டபுரம் வரைக்கும் போய் வந்தம். வரேக்க சுன்னாகத்தில றெயில்வே கேற் பூட்டி ஐஞ்சு நிமிசம் நிண்டது, பிள்ளையார் றோட்டைத்தான் பாத்துக்கொண்டு இருந்தார். அம்மா ஒண்டும் சொல்லேல்லை, வீட்டை வந்து இறங்கேக்க மட்டும் "இதுக்கு எவ்வளவு முடிஞ்சுது?" எண்டு கேட்டா. நான் வயர் செட்டின்ர காசை மட்டும் சொன்னன்.


வடமராட்சி_வீடெக்

மச்சான் அந்தப் பக்க மவுண்ட் 75 ரண்டும் சும்மாதானே கிடக்கும், விக்கிறியளோ? எனக்குத்தான், 85 ஐ விடக் கொஞ்சம் மெதுவாப் பாப்பம் எண்டு ஒரு யோசினை.


கொக்குவில்_ஈகே

பழகீட்டுது எண்டியள் அண்ணை?


வடமராட்சி_வீடெக்

பழகீட்டுதுதான். மனுசிக்குப் பழகேல்லை. விலையைச் சொல்லுங்கோ, சனிக்கிழமை கொக்குவில் பக்கம் வாறன்.